பீட்டில்ஸ் எழுந்த ஏழு ஆண்டுகளைக் காதால் படிப்பது எப்படி

பீட்டில்ஸ் குழுவை இன்று புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1966-க்குப் பிந்தைய ஆல்பங்களைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவை உயர்ந்த படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் சிலர் எப்படி ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள், ஏழே ஆண்டுகளில் முதலில் பிரிட்டனையும் பிறகு அமெரிக்காவையும் எப்படித் தம் பக்கம் திருப்பினார்கள் என்பதை அறிய அந்த ஆல்பங்கள் உதவுவதில்லை. அதற்கான வழி வேறு. 1957 ஜூலை 6 முதல் 1964 ஏப்ரல் 4 வரையிலான காலத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, அக்காலத்திலிருந்து எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளை, அவை வெளியான வரிசையில் அல்லாமல் பதிவான வரிசையில், ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் யார் என்ன முடிவெடுத்தார் என்ற குறிப்போடு கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிறவருக்கு, இவர்கள் திடீரென்று புகழ் பெற்றார்கள் என்ற பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்பது சில நாட்களிலேயே விளங்கும். மேடைப் பயிற்சி அக்காலத்து லிவர்பூல் குழுக்கள் பலவற்றுக்கும் இருந்தது. அதே மேலாளரும் அதே தயாரிப்பாளரும் வேறு சிலருக்கும் வாய்த்தார்கள். தம் சொந்தப் பாட்டை விட்டுக்கொடுக்க மறுத்த பிடிவாதமே இவர்களைத் தனித்து நிறுத்தியது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்தை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் முறையில் கேட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு குறிப்பேடு

கேட்கத் தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் அன்று குழுவில் இருந்தவர்களின் பெயர்கள், மூன்றாவதில் அன்றைய முக்கிய முடிவை எடுத்தவர். இவற்றுள் மூன்றாவது கட்டமே மதிப்புமிக்கது. இசைக்குழு வரலாறுகளில் "குழு மாறியது", "ஒப்பந்தம் கிடைத்தது" என்று வினைகள் தாமாகவே நிகழ்ந்ததுபோல எழுதப்படும் இடங்களில், உண்மையில் ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட நாளில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

முதல் வரி 1957 ஜூலை 6. லிவர்பூலின் வுல்டன் பகுதியிலுள்ள புனித பேதுரு தேவாலய விழாவில், பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் என்ற பள்ளி மாணவர் குழு வாசித்தது. அதன் தலைவர் ஜான் லென்னனுக்கு அப்போது 16 வயது. நண்பர் ஒருவர் அழைத்து வந்த பால் மெக்கார்ட்னிக்கு 15. மெக்கார்ட்னி கிதாரில் வாசித்துப் பாடிக் காட்டியதைக் கேட்ட லென்னன், தன்னைவிடத் தேர்ந்த ஒருவரைச் சேர்த்துக் குழுவை வலுப்படுத்துவதா, சேர்க்காமல் தன் தலைமையைக் காத்துக்கொள்வதா என்று யோசித்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் நீங்கள் எழுதும் முதல் பெயர் அவருடையது.

இந்த வரிக்குக் கீழே காலத்தின் பின்னணியையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வது நல்லது. 1956-இல் லானி டானகன் பாடிய ஸ்கிஃபிள் பாடல்கள் பிரிட்டன் முழுவதும் பரவியிருந்தன. ஒரு மலிவான கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் பூட்டிச் செய்த பேஸ் ஆகியவை இருந்தால் யாரும் அந்த இசையை வாசித்துவிடலாம். இன்னொன்று, 1939 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்கள் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்படவில்லை. 1940-இல் பிறந்த லென்னனும் ரிங்கோ ஸ்டாரும் அந்த எல்லைக்கு இப்பால் விழுந்தார்கள். சில ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால், பழகிச் சேர்ந்த குழு படைமுகாம்களுக்குச் சிதறிப் போயிருக்கும்.

பிறகு ஆட்கள் சேர்ந்ததும் பிரிந்ததும். ஜார்ஜ் ஹாரிசன் 1958-இல் சேர்ந்தார். லென்னனின் கலைக் கல்லூரி நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப், தன் ஓவியம் விற்ற பணத்தில் பேஸ் கிதார் வாங்கி 1960 தொடக்கத்தில் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனிப் பயணத்துக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டபோது பீட் பெஸ்ட் வந்தார். 1961-இல் சட்கிளிஃப் ஓவியத்துக்குத் திரும்பி ஹாம்பர்கிலேயே தங்கிவிட, மெக்கார்ட்னி பேஸுக்கு மாறினார்.

1958-இல் லிவர்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் இவர்கள் காசு கொடுத்துப் பதிவு செய்த ஒரே ஓர் இசைத்தட்டிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். பீட்டில்ஸின் பழைய பதிவுகளைத் திரட்டி 1995-இல் வெளியான ஆந்தாலஜி முதல் தொகுப்பில் அதன் இரு பக்கங்களும் உள்ளன. ஒரு பக்கம் பட்டி ஹாலியின் புகழ்பெற்ற பாடல். மறுபக்கம் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சேர்ந்து எழுதியதாகப் பெயரிடப்பட்ட சொந்தப் பாடல். பதிவின் தரம் மிக மோசம். சொந்தப் பாடலும் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் முதல் தட்டிலேயே பாதி இடத்தைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள் என்பதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

பதிவில்லாத ஹாம்பர்கைக் கேட்பது

1960 ஆகஸ்ட் 17 அன்று ஹாம்பர்கின் இந்திரா கிளப்பில் இவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். வார நாட்களில் நான்கரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும் என்பது உடன்பாடு. தங்க இடம், பாம்பி கீனோ என்ற திரையரங்கில் திரைக்குப் பின்னாலிருந்த இருட்டறை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்திரா, கைசர்கெல்லர், ஸ்டார் கிளப் மூன்றும் கிராஸே ஃபிரைஹைட் என்ற ஒரே தெருவில் இருந்ததும், டாப் டென் கிளப் அதிலிருந்து சிறிது தூரத்திலேயே ரீப்பர்பான் சாலையில் இருந்ததும் தெரியும். 1960 முதல் 1962 இறுதி வரை ஐந்து முறை அவர்கள் சென்றது இந்தச் சிறிய வட்டாரத்துக்குத்தான்.

1960-இன் அந்த இரவுகள் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே 1962 டிசம்பரில் ஸ்டார் கிளப்பில் எளிய கருவி ஒன்றில் எடுக்கப்பட்டு 1977-இல் வெளியான பதிவைத் துணையாகக் கொள்ளுங்கள். அதை ஒலித்தரத்துக்காகக் கேட்கக் கூடாது. சொற்கள் பாதி இடங்களில் புரியாது. எத்தனை விதமான பாடல்களைக் கையில் வைத்திருந்தார்கள், ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எவ்வளவு இடைவெளி விட்டார்கள், எந்த வேகத்தில் வாசித்தார்கள் என்பவற்றை மட்டும் கவனியுங்கள். குடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை ஒரு நொடியும் நழுவவிடாமல் பிடித்து வைக்கும் பழக்கம் அதில் அப்பட்டமாகக் கேட்கும்.

இதையடுத்து 1961 ஜூனில் ஹாம்பர்கில் பதிவான பாடல்கள். டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்வாத்தியம் வாசிக்கவே இவர்கள் அழைக்கப்பட்டார்கள். தட்டில் பீட்டில்ஸ் என்ற பெயர்கூட இடம்பெறவில்லை, பீட் பிரதர்ஸ் என்றே அச்சாயிற்று. அந்த அமர்வுகளிலும் லென்னனும் ஹாரிசனும் சேர்ந்து அமைத்த வாத்திய இசைத் துண்டு ஒன்றைப் பதிவு செய்துகொண்டார்கள். அதுவும் ஆந்தாலஜி தொகுப்பில் உள்ளது.

ஹாம்பர்கே இவர்களை உருவாக்கியது என்று முடித்துவிடும் எழுத்துகளை ஓரளவுக்கு மட்டுமே நம்புங்கள். கைசர்கெல்லரில் இவர்களோடு மாறி மாறி வாசித்த ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ் அப்போது இவர்களைவிடப் பெயர் பெற்ற குழு. ரிங்கோ ஸ்டார் அதில்தான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அதே மேடை, அதே நீண்ட இரவுகள் அவர்களுக்கும் இருந்தன. அந்தக் குழு எழவில்லை.

மேலாளரும் மறுப்பும்

லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் என்ற பெயரில் முதன்முதலாக 1961 பிப்ரவரியில் வாசித்தார்கள். நெம்ஸ் இசைத்தட்டுக் கடையின் பொறுப்பாளரும் பின்னர் இவர்களின் மேலாளர் ஆனவருமான பிரையன் எப்ஸ்டைன் அங்கு வந்து கேட்டது 1961 நவம்பர் 9 அன்று. வாடிக்கையாளர் ஒருவர் ஜெர்மன் தட்டைக் கேட்டு வந்ததால்தான் எப்ஸ்டைனுக்கு இந்தக் குழுவின் பெயரே தெரிந்தது என்ற கதையைப் பல இடங்களில் படிப்பீர்கள். ஆனால் 1961 ஜூலையில் தொடங்கிய மெர்ஸி பீட் என்ற லிவர்பூல் இசைப் பத்திரிகையின் இரண்டாவது இதழே இவர்களின் ஹாம்பர்க் பதிவை முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அந்த இதழ் நெம்ஸ் கடையில் விற்றது. ஆகஸ்டிலிருந்து எப்ஸ்டைனே அதில் இசைத்தட்டு விமர்சனம் எழுதினார். இவ்வாறு ஒரு கதையைத் தேதிகளோடு உரசிப் பார்க்கும் பழக்கம் இந்தப் படிப்பின் உயிர்நாடி.

1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக 15 பாடல்களைப் பாடிக் காட்டினார்கள்; அவற்றில் ஐந்து ஆந்தாலஜியில் கிடைக்கின்றன. டெக்கா மறுத்தது. கிதார் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று டெக்கா அதிகாரிகள் சொன்னதாக எப்ஸ்டைன் எழுதினார். அதிகாரியான டிக் ரோ அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்பதைவிட, அந்த 15 பாடல்களைக் கேட்டு அவர்களுடைய அன்றைய நிலையை நீங்களே எடைபோடுவது பயனுள்ளது. என் காதுக்கு அவை பதற்றமான, எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமென்று அளவுக்கு மீறி முயலும் பாட்டுகளாகவே படுகின்றன. அவற்றில் மூன்று மட்டுமே லென்னனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. அந்த மூன்றையும் பின்னர் வேறு பாடகர்களும் குழுக்களும் பாடித் தரவரிசையில் ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

ஒரே பாடல், மூன்று டிரம்ஸ் வாசிப்பாளர்கள்

இந்த வழிகாட்டியில் நேரத்தை அதிகம் செலவிடத்தக்க பயிற்சி இதுவே. ஒரு முழு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். 'லவ் மீ டூ' என்ற எளிய பாடல், சுமார் மூன்று மாத இடைவெளியில் மூன்று வெவ்வேறு டிரம்ஸ் வாசிப்பாளர்களுடன் டெக்கா மறுத்த பின் இவர்களை ஏற்ற ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் லண்டனில் பதிவானது. மூன்றும் கிடைக்கின்றன.

முதலாவது 1962 ஜூன் 6 அன்று பீட் பெஸ்ட் வாசித்தது, ஆந்தாலஜியில் உள்ளது. பாடலின் நடுப்பகுதி வந்ததும் டிரம்ஸ் நடை மாறுவதையும், வேகம் தடுமாறுவதையும் கவனியுங்கள். ஈ.எம்.ஐ.யின் பார்லஃபோன் பிரிவின் தலைவரும் தயாரிப்பாளருமான ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவுக்கு வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று கருதியதற்கான காரணம் உங்கள் காதிலேயே விழும். ஆகஸ்ட் 16 அன்று பெஸ்ட் விலக்கப்பட்டார். செய்தியைச் சொன்னவர் எப்ஸ்டைன். முடிவு மற்ற மூவருடையது. ஸ்கெக்னெஸ் கடற்கரையிலுள்ள விடுமுறை முகாமில் ரோரி ஸ்டார்ம் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்த ரிங்கோ ஸ்டாரை அழைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்தது. அக்டோபர் 5 அன்று வெளியான சிங்கிளில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு தட்டில், இருந்தது இதுதான். இப்போது பாஸ்ட் மாஸ்டர்ஸ் தொகுப்பில் கிடைக்கிறது. இதன் மூல நாடா எஞ்சவில்லை என்பதால் அக்காலத்து இசைத்தட்டிலிருந்தே அத்தொகுப்புக்கு எடுத்தார்கள். மூன்றாவது செப்டம்பர் 11 அன்று, மார்ட்டினின் உதவியாளர் ரான் ரிச்சர்ட்ஸ் மேற்பார்வையில், ஆண்டி வைட் என்ற அனுபவமிக்க ஒலிப்பதிவுக்கூட வாசிப்பாளரைக் கொண்டு பதிவானது. ரிங்கோவின் கையில் டம்பூரின் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் ஆல்பத்தில் இருப்பது இது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய ஒரே அடையாளம் போதும்: டம்பூரின் ஒலி கேட்டால் அது ஆண்டி வைட் வாசித்தது.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு டிரம்ஸை விட்டுவிட்டுக் குரலையும் ஹார்மோனிகாவையும் கவனியுங்கள். பாடலின் தலைப்பு வரும் தனிக்குரல் வரியை மெக்கார்ட்னி பாடுவார். அந்த வரி முடியும் இடத்திலேயே ஹார்மோனிகா நுழைய வேண்டியிருந்ததாலும், ஊதுபவர் லென்னன் என்பதாலும் அந்த வரி மெக்கார்ட்னிக்குப் போயிற்று. அவர் குரலில் சற்று நடுக்கம் இருக்கும்.

இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டிய இன்னொரு பதிவு, அதே செப்டம்பர் 4 அன்று பதிவான 'ஹௌ டூ யூ டூ இட்'. மிட்ச் மரே எழுதிய இப்பாடலைத்தான் முதல் சிங்கிளாக வெளியிட மார்ட்டின் விரும்பினார். குழுவினர் அதைப் பாடிக் கொடுத்தார்கள். ஆனால் சொந்தப் பாடல்தான் வேண்டும் என்று நின்றார்கள். ஒப்பந்தம் கையில் வந்து சில மாதங்களே ஆகியிருந்த, ஒரு சிங்கிளுக்கு ஒரு பென்னி மட்டுமே பங்காகப் பெற்று அதையும் பிரித்துக்கொண்ட இளைஞர்கள், தங்களை ஏற்ற ஒரே தயாரிப்பாளரிடம் இப்படிச் சொன்னார்கள். ஏழாண்டுக் கதையில் மூன்றாவது கட்டத்தை இதைவிடப் பெரிய எழுத்தில் நிரப்பத் தக்க நாள் வேறு இல்லை.

தரவரிசைகளை எப்படிப் படிப்பது

'லவ் மீ டூ' 17-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்து, மெதுவாக அமைந்திருந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாடலை வேகமாக்கச் சொன்னார் மார்ட்டின். ஹார்மோனிகா இல்லாத செப்டம்பர் 11 வடிவத்தை ஆந்தாலஜியிலும், நவம்பர் 26 அன்று பதிவான இறுதி வடிவத்தை ஆல்பத்திலும் கேட்டால் தயாரிப்பாளரின் கை எங்கே பட்டது என்பது புலப்படும்.

1963 ஜனவரியில் வெளியான இந்தச் சிங்கிள் முதலிடம் பெற்றதா இல்லையா என்பதில் நூல்கள் முரண்படும். இரண்டு கூற்றுகளுக்கும் ஆதாரம் உண்டு. 1969 வரை பிரிட்டனில் எல்லோரும் ஏற்ற ஒற்றைத் தரவரிசை கிடையாது. என்.எம்.ஈ., மெலடி மேக்கர் ஆகிய இதழ்களின் பட்டியல்களில் அது முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லர் பட்டியலில் இரண்டாமிடம். 1960 முதலான காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லரையே அதிகாரபூர்வமாகக் கொள்வதென்று பிற்காலத்தில் வழக்கமாயிற்று. முதலிடப் பாடல்களைத் திரட்டி 2000-ஆம் ஆண்டில் வந்த தொகுப்பில் இப்பாடல் விடுபட்டதற்குக் காரணம் இதுவே. ஆகவே எந்தத் தரவரிசை எண்ணைக் குறித்தாலும் அது எந்தப் பட்டியலுடையது என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுவதும்

1963 பிப்ரவரி 11. முதல் ஆல்பத்துக்கு, சிங்கிள்களில் ஏற்கெனவே வந்த நான்கு பாடல்கள் போக, தேவையான பத்துப் பாடல்களையும் அந்த ஒரே நாளில் காலை முதல் இரவு வரை பதிவு செய்தார்கள். தட்டில் உள்ள வரிசையை மாற்றி, பதிவு தொடங்கிய 'தேர்ஸ் எ ப்ளேஸ்' பாடலையும் இரவில் கடைசியாகப் பதிவான 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பாடலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். சளி பிடித்திருந்த லென்னனின் தொண்டை நாள் முழுவதும் பாடிப் பாடி எப்படிக் கிழிந்துபோனது என்பது அப்பட்டமாகத் தெரியும். ஹாம்பர்கில் பெற்ற பயிற்சிக்குத் தெளிவான ஒலிச்சான்று தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு பாடல்கள் போதும். மார்ச் 22 அன்று வெளியான அந்த ஆல்பத்தின் 14 பாடல்களில் எட்டு சொந்தப் பாடல்கள். உறையில் அவை மெக்கார்ட்னி–லென்னன் என்ற வரிசையில் குறிக்கப்பட்டன. ஆல்பம் 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது நவம்பரில் வெளியான இவர்களுடைய இரண்டாவது ஆல்பமே.

பக்கத்துக் குழுவோடு ஒப்பிடுங்கள்

ஒரு குழுவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு நேர்ந்த எல்லாமே அதன் திறமையால் நேர்ந்ததாகத் தோன்றிவிடும். அதனால் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவையும் கட்டாயம் கேட்க வேண்டும். அதே லிவர்பூல், அதே ஹாம்பர்க், அதே எப்ஸ்டைன், அதே ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் ஒதுக்கிய 'ஹௌ டூ யூ டூ இட்' பாடலை அவர்கள் வாங்கிப் பாடி 1963 ஏப்ரலில் முதலிடம் பிடித்தார்கள். அவர்களுடைய முதல் மூன்று சிங்கிள்களுமே முதலிடம் பெற்றன. அந்தச் சாதனை பீட்டில்ஸுக்குக் கிடைக்கவில்லை. 1963-இன் நடுவில் நின்று எண்களை மட்டும் பார்த்த ஒருவர், ஜெர்ரியின் குழுவே நிலைக்கும் என்று சொல்லியிருந்தாலும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதைக் காண, பீட்டில்ஸின் முதல் நான்கு சிங்கிள்களை வரிசையாகக் கேளுங்கள். முதல் மூன்றிலும் ஹார்மோனிகா ஒலிக்கும். மூன்றும் 'நான்', 'நீ' என்று கேட்பவரை நேரே விளித்துப் பேசும். 1963 ஜூலை 1 அன்று பதிவான 'ஷீ லவ்ஸ் யூ' அந்த இரண்டையும் உதறிவிட்டது. டிரம்ஸ் உருட்டல் ஒன்று, உடனே பல்லவி, மூன்றாம் ஒருத்தியின் செய்தியைக் கொண்டுவரும் நண்பனின் குரல். மூவரும் சேர்ந்து நிறுத்தும் கடைசி இசைவு பழைய பாணியில் இருப்பதாக மார்ட்டின் கருதினார். அது அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் நின்றார்கள். வெற்றி கண்ட வாய்பாட்டை நான்காவது பாடலிலேயே தாமாகக் கைவிட முடிந்ததற்குக் காரணம், பாடல்களை அவர்களே எழுதியதுதான். அந்தச் சிங்கிள் 1960-களில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிளாயிற்று. அக்டோபர் 13 அன்று லண்டன் பல்லேடியம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு, நாளிதழ்கள் ரசிகர்களின் வெறியைப் பற்றி எழுதத் தொடங்கின.

அமெரிக்கப் பட்டியலை அவிழ்ப்பது

கடைசிப் பகுதியில் தேதிகளே வேலை செய்யும். ஈ.எம்.ஐ.யின் அமெரிக்கக் கிளையான கேபிடல் நிறுவனம் 1963-இன் பெரும்பகுதியிலும் இவர்களின் சிங்கிள்களை வேண்டாம் என்றது. அதனால் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சிகாகோவின் வீ-ஜே நிறுவனத்துக்கும், 'ஷீ லவ்ஸ் யூ' பிலடெல்பியாவின் ஸ்வான் நிறுவனத்துக்கும் போயின. அப்போது இரண்டுமே எடுபடவில்லை. 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலை ஜனவரியில் வெளியிடக் கேபிடல் திட்டமிட்டிருந்தது. பிரிட்டனிலிருந்து வந்த தட்டை வாஷிங்டன் வானொலி ஒன்று ஒலிபரப்பி வரவேற்புப் பெருகியதால் 1963 டிசம்பர் 26 அன்றே வெளியிட்டது. 1964 பிப்ரவரி 1 தேதியிட்ட, அமெரிக்க இதழான பில்போர்டின் தரவரிசைப் பட்டியலில் அது முதலிடம். அதாவது, எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிப்ரவரி 9 அன்று சுமார் 7.3 கோடிப் பேர் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே அமெரிக்கா அந்தப் பாடலை வாங்கிவிட்டிருந்தது.

1964 ஏப்ரல் 4 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸுக்கே. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஐந்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வெளியிட்ட நிறுவனத்தையும் பதிவான தேதியையும் போடுங்கள். முதலிடத்தில் 'கான்ட் பை மீ லவ்', கேபிடல், பாரிசில் 1964 ஜனவரி 29. இரண்டாவது 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்', வீ-ஜேயின் துணை நிறுவனமான டாலி, 1963 பிப்ரவரி 11. மூன்றாவது 'ஷீ லவ்ஸ் யூ', ஸ்வான், 1963 ஜூலை 1. நான்காவது 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்', கேபிடல், 1963 அக்டோபர் 17. ஐந்தாவது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', வீ-ஜே, 1962 நவம்பர் 26. பதினான்கு மாத உழைப்பில் உருவான பாடல்கள், முன்பு கவனிப்பாரின்றிக் கிடந்தவை உட்பட, சிதறிக் கிடந்த உரிமைகளின் காரணமாக ஒரே வாரத்தில் ஒன்றாக மேலே வந்து நின்றன. அவற்றுள் 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' மட்டுமே பிறர் எழுதியது. இந்த ஐந்தையும் பட்டியல் வரிசையில் அல்லாமல் பதிவுத் தேதி வரிசையில் ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகு 1966-க்குப் பிந்தைய ஆல்பங்களுக்குப் போங்கள்.